தெருவுக்கும் ஒரு ஹக்கு உண்டு

(தெருப் பாதுகாப்பு குறித்து நமது டிரஸ்டின் சார்பில் மதரஸா மண்டபத்தில் நடைபெற்ற மஹல்லா கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, விதவையர் உதவி ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் வழக்கமாக உங்களை இங்கே அழைப்போம். இன்று அழைத்திருப்பது நம் வீட்டு வாசலில் கிடக்கும் தெருவைப் பற்றிப் பேச. டிரஸ்ட் தெருவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். சென்ற ஓராண்டில் எங்கள் மருத்துவ உதவிப் பதிவேட்டில் எலும்பு முறிவு என்று எழுதிய மனுக்களைத் திரும்பப் புரட்டிப் பார்த்தோம். அவற்றில் பெரும்பாலானவை நெடுஞ்சாலையில் நடந்தவை அல்ல. நம் மஹல்லாவுக்குள், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தவை. சிகிச்சைக்குப் பணம் கொடுத்தோம், ரசீதை வாங்கி வைத்தோம். ஏன் விழுந்தார்கள் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

சென்ற ரமலானில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அஸர் தொழுகை முடிந்து நோன்புக் கஞ்சி வாங்க வழக்கம்போலப் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு வரிசையில் நின்றார்கள். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை, கஞ்சியை வாங்கிக்கொண்டு, நிறுத்தியிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே தெருவைக் கடக்க வந்தாள். அந்த நேரம் ஸ்கூட்டரில் வந்த பையனுக்கு வயது பதினைந்து. வீட்டில் வடைக்கு மாவு வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அந்த ரமலானும் பெருநாளும் அவளுக்குப் படுக்கையிலேயே கழிந்தன. இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறாள்.

அந்தப் பிள்ளையின் குடும்பமும் அந்தப் பையனின் குடும்பமும் இதே மண்டபத்தில் இருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் நம்முடையவை. வழக்கு அதன் வழியில் நடக்கிறது. அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. இரண்டு அத்தாமார்களிடமும் முன்கூட்டியே கேட்டோம். "எங்கள் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள், இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது" என்று இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் எல்லோரும் மதரஸாவில் மனப்பாடம் செய்தவர்கள். பாதையில் அமர்பவர்கள் பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும் என்றும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அந்த ஹக்கில் ஒன்று என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றினால் போதும் என்றே நாம் இதுவரை பொருள் கொண்டோம். இன்று நம் தெருவில் முள் இல்லை. வேகமாக வரும் வண்டி இருக்கிறது, குறுக்கே நிறுத்திய வண்டி இருக்கிறது, மூடியில்லாத சாக்கடை இருக்கிறது, எரியாத விளக்கு இருக்கிறது. தொல்லை என்பது இன்று இவைதான்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். விபத்து நடந்த கோபத்தில், பெருநாள் முடிந்த வாரமே, இளைஞர்கள் சிலர் வந்து வேகத்தடை போட வேண்டும் என்றார்கள். நகராட்சிக்கு மனு கொடுத்தால் நாளாகும் என்று நாங்களும் நினைத்தோம். டிரஸ்ட் நிதியிலிருந்து சிமெண்டும் ஜல்லியும் வாங்கிக் கொடுத்து, ஓர் இரவில் மேட்டைப் போட்டு முடித்தோம். ஒரு அடி அகலம், ஏறத்தாழ அரை அடி உயரம், செங்குத்தான மேடு. வெள்ளை வர்ணம் அடிக்கவில்லை, முன்னறிவிப்புப் பலகையும் வைக்கவில்லை. மறுநாள் பலர் கைகொடுத்துப் பாராட்டினார்கள்.

மூன்றாம் வாரம் ஃபஜ்ருக்கு முன், இருட்டில், பால் ஊற்ற வரும் சகோதரர் அந்த மேட்டில் ஏறி விழுந்தார். அவர் நம் மஹல்லாக்காரர் அல்லர். இருபது வருடமாக நம் வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவர். தோள்பட்டை இறங்கி ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. தொல்லையை அகற்றப் போன நாங்களே பாதையில் தொல்லையைக் கொண்டுவந்து வைத்தோம் என்பது அன்றுதான் புரிந்தது. அவருடைய சிகிச்சைச் செலவையும் அந்த நாட்களின் வருமானத்தையும் டிரஸ்ட் கொடுத்தது. மேட்டையும் உடைத்து எடுத்தோம். அவர் எங்களைப் பார்த்துக் குறை சொல்லவில்லை. "பாய், நல்லதுக்குத்தானே போட்டீங்க" என்றார். அந்தச் சொல் எங்களை இன்னும் உறுத்துகிறது.

பிறகுதான் முறையாக நகராட்சிக்கு மனு கொடுத்தோம். பொறியாளர் வந்து பார்த்து விளக்கினார். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலம். அகலம் 3.7 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடிக்கும் சற்று அதிகம். வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி வில்போல வளைந்திருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் சிரமமில்லாமல் கடக்கலாம்; அதற்கு மேல் வருகிறவருக்குத்தான் குலுக்கும். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்ட வேண்டும். 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். நாங்கள் போட்டது வேகத்தடையே அல்ல, தெருவை மறித்த வரப்பு. அது இருசக்கர வண்டியைக் கவிழ்க்கும், கர்ப்பிணிகளின் உடலை அதிரவைக்கும், முதுகெலும்பு நோயாளியை ஏற்றி வரும் ஆம்புலன்ஸையும் தூக்கிப் போடும்.

ஐந்து மாதம் அலைந்தபின் மதரஸா முனையிலும் பள்ளிவாசலுக்கு முன்னும் முறையான இரண்டு வேகத்தடைகள் வந்திருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். அதிகாரிகள் நம்மை அலைக்கழித்தார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். அவசரப்பட்டு நாங்கள் போட்டதை உடைத்துவிட்டுத்தான் அவர்களிடம் போனோம் என்பதையும் நினைவில் வையுங்கள். தெரு அரசாங்கத்தின் சொத்து. அனுமதியில்லாமல் யாரும், டிரஸ்டாக இருந்தாலும், அதில் கல் வைக்கக்கூடாது.

வேகத்தடை இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. தெருவோ நீளமானது. ஆகவே வேகத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பேச வேண்டும். "நான் மெதுவாகத்தான் வந்தேன், ஐம்பதுக்கு மேல் போகவில்லை" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர். 30 என்றால் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். குறுக்கே ஒரு பிள்ளை வருவதைக் கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்கக் குறைந்தது ஒரு நொடி ஆகும். அதன் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். காய்ந்த நல்ல சாலையில் 30-ல் வருகிற வண்டி மொத்தம் 13 மீட்டர் அளவில் நின்றுவிடும். 50-ல் வருகிற வண்டிக்கு 28 மீட்டர் அளவு வேண்டும். மணலோ ஈரமோ இருந்தால் இன்னும் தூரம் போகும்.

பள்ளிவாசல் வாசலிலிருந்து மூலைக் கடை வரை அளந்து பார்த்தோம். 15 மீட்டர். அந்தக் கடை முன் ஒரு பிள்ளை இறங்கினால், பள்ளிவாசல் முன் 30-ல் வருகிறவர் அவளைத் தொடாமல் நின்றுவிடுவார். 50-ல் வருகிறவர் அந்த இடத்தில் அப்போதுதான் பிரேக்கை அழுத்தத் தொடங்கியிருப்பார். ஐம்பதுக்கும் முப்பதுக்கும் இருபதுதான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேர்வாளா, ஆஸ்பத்திரிக்குப் போவாளா என்பது அந்த இருபதில் இருக்கிறது. நம் மஹல்லா முழுவதையும் ஸ்கூட்டரில் 30-ல் சுற்றினாலும் 50-ல் சுற்றினாலும் மிச்சமாகும் நேரம் ஒரு நிமிடம்கூடத் தேறாது. மனிதர்களும் வண்டிகளும் கலந்து நடமாடும் இடங்களில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடும் அறிவித்திருக்கிறது. நம் மஹல்லாவுக்கு அதைவிடக் குறைவாக, 20 என்று நாமே வைத்துக்கொள்வோம்.

நெதர்லாந்து நாட்டில் ஐம்பது வருடத்துக்கு முன் இதே பிரச்சினை இருந்தது. வீட்டுத் தெருக்களில் கார்கள் பெருகிப் பிள்ளைகள் மாண்டார்கள். தாய் தந்தையர் வீதிக்கு வந்து போராடினார்கள். 1976-ல் அந்த நாடு குடியிருப்புத் தெருக்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது. அப்படி அறிவிக்கப்பட்ட தெருவில் நடப்பவருக்குத்தான் முதல் உரிமை, பிள்ளைகள் விளையாடலாம், வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும். நம் தெருவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் பெரியவர் நடந்து வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன வழக்கம் நம் அத்தாமார் காலத்தில் இதே தெருவில் இருந்தது. அந்த மரியாதையைத்தான் திரும்பக் கேட்கிறோம்.

அடுத்தது, மிகவும் கசப்பான விஷயம். நம் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வண்டி ஓட்டுகிறார்கள். மறைத்துப் பயனில்லை. மளிகைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் தங்கையை டியூஷனில் விடவும் நாம்தான் சாவியைக் கொடுத்து அனுப்புகிறோம். அத்தா வெளிநாட்டில் இருக்கிறார், வீட்டில் வேறு ஆண் துணை இல்லை என்று தாய்மார்கள் சொல்வது எங்களுக்குப் புரிகிறது. அந்தச் சிரமம் பொய்யில்லை. ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது. 16 வயதானவருக்கு 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் தரலாம். இன்று நம் வீடுகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. 2019-ல் வந்த திருத்தத்தில் 199-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது காப்பாளரும், வண்டியின் உரிமையாளரும் குற்றவாளியாகக் கருதப்படுவார்கள். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. வளைகுடாவில் டிரைவர் வேலைக்குப் போக நினைக்கும் பையனுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள். காப்பீடு இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க வழி உண்டு.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பதினைந்து வயதுப் பையன் விபத்துக்குப் பிறகு மூன்று மாதம் ஜும்ஆவுக்குக்கூட வரவில்லை. பள்ளிவாசலில் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்ற வெட்கம். அவன் கெட்ட பிள்ளை இல்லை. வடை மாவு வாங்கப் போன பிள்ளை. சாவியை அவன் கையில் கொடுத்தது பெரியவர்களாகிய நாம். அதற்கான பாரத்தை அவன் மட்டும் சுமக்கிறான்.

ஆகவே டிரஸ்ட் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறது. ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு மளிகை, மருந்து, தண்ணீர்க் கேன் கொண்டுபோய்க் கொடுக்க உரிமம் உள்ள இளைஞர்கள் நால்வர் முன்வந்திருக்கிறார்கள். காலை ஒரு முறை, அஸருக்குப் பின் ஒரு முறை வருவார்கள். அலுவலகத்தில் சொல்லிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். சாவியைப் பிள்ளையிடம் கொடுக்காமலிருக்க இது ஒரு வழி. 18 வயது நிரம்பிய, வசதியில்லாத இளைஞர்கள் முறையாகப் பயிற்சி பெற்று உரிமம் எடுப்பதற்கான கட்டணத்தில் பாதியை டிரஸ்ட் ஏற்கும்.

வண்டி நிறுத்துவதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஜும்ஆ நேரத்தில் நம் பள்ளிவாசலுக்கு முன் நடந்து போகக்கூட வழியிருக்காது. ஹஜ்ரத் குத்பாவை ஆரம்பித்த பின் ஓடிவருகிறவர் தெருவின் நடுவிலேயே வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போகிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நெஞ்சுவலி வந்தவரை அழைத்துப் போக வந்த ஆம்புலன்ஸ், முனையில் நின்றுவிட்டது. தொழுகை முடியும் வரை காத்திராமல், பக்கத்து வீட்டு மாற்றுமதச் சகோதரர்கள் ஓடிவந்து வண்டிகளைத் தூக்கி ஓரமாக வைத்து வழி செய்தார்கள். அவர்களுக்கு நன்றி. நமக்குத்தான் தலைகுனிவு. இனி ஜும்ஆவுக்கு மதரஸா மைதானத்தில் மட்டும்தான் வண்டிகளை நிறுத்த வேண்டும் என்று முத்தவல்லி அவர்கள் முடிவு சொல்லியிருக்கிறார்கள். பாங்கு சொன்னது முதல் ஜமாஅத் கலையும் வரை ஒரு தன்னார்வலர் முனையில் நிற்பார். அவர் வேறு பள்ளியில் முன்னரே ஜும்ஆ தொழுதுவிட்டு வருவார்.

டிரஸ்ட் கட்டடத்தின் படிக்கட்டு தெருவுக்குள் இரண்டரை அடி நீண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஜெனரேட்டர். நடப்பவர்கள் அந்த இடத்தில் தெருவின் நடுவுக்கு இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. பிறரிடம் சொல்லும் முன் நாங்கள் செய்ய வேண்டும் அல்லவா? படிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பிக் கட்ட நிர்வாகக் குழு தீர்மானித்துவிட்டது. ஜெனரேட்டர் பின்பக்கம் போகிறது. அதன் பிறகு, வாசலில் மணலும் செங்கலும் குவித்திருக்கும் வீட்டாரிடமும், கடைக்கு வெளியே பெட்டிகளை அடுக்கியிருக்கும் வியாபாரிகளிடமும் வருவோம். கோபிக்காதீர்கள்.

வண்டி ஓட்டும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். இவற்றைப் படித்தும் கேட்டும், விபத்து நடந்த இடங்களைப் பார்த்தும் தொகுத்தோம்.

வீட்டிலிருந்து காரைப் பின்னால் எடுக்கும் முன் ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள். தவழும் பிள்ளை, நடைபழகும் பிள்ளை வண்டிக்குப் பின்னால் இருந்தால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. நின்ற காரின் கதவைத் திறக்கும்போது, வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் இடது கையால் திறக்கப் பழகுங்கள். அப்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். தெரு முனைகளில் ஹாரன் அடித்துவிட்டோம் என்பதற்காக வேகத்தைக் குறைக்காமல் திரும்பாதீர்கள். காது கேளாத பெரியவர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். பந்து உருண்டு வந்தால் அதன் பின்னால் ஒரு பிள்ளை வரும் என்று எண்ணி நிறுத்துங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோ சகோதரர்களே, ஓட்டுநர் இருக்கையின் இருபுறமும் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். பெற்றோர்களும் வாடகை குறைகிறது என்று அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

தாய்மார்கள், சகோதரிகளிடம் ஒரு விஷயம். பைக்கின் பின்னால் அமரும்போது பர்தாவும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி விழுந்த சம்பவங்கள் நம் ஊரிலேயே உண்டு. பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அழகுக்காக அதைக் கழற்றி எறிகிற பழக்கம் நம் பையன்களுக்கு இருக்கிறது. கழற்றிய வண்டியில் ஏறாதீர்கள். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இரவில் கறுப்புப் பர்தா அணிந்து நடப்பவர் ஓட்டுநர் கண்ணுக்குக் கிட்டே வரும் வரை தெரியமாட்டார். கையில் டார்ச்சோ செல்போன் வெளிச்சமோ இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டிய துணிப்பைகளை டிரஸ்ட் தைத்து வைத்திருக்கிறது. இஷாவுக்கும் தராவீஹுக்கும் வருகிற பெண்களுக்கும், ஃபஜ்ருக்கு வருகிற பெரியவர்களுக்கும் இலவசமாகத் தருவோம்.

ஹெல்மெட் தெருவுக்குள் எதற்கு என்று கேட்கிறார்கள். பால் ஊற்றும் சகோதரர் விழுந்தது தெருவுக்குள்தான். அவர் ஹெல்மெட் அணிந்திருந்தார், தோளோடு போயிற்று. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி அவசியம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் பிள்ளையை ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் பிள்ளைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2022-ல் விதி வந்திருக்கிறது.

இவையெல்லாம் சிறு விஷயங்கள் என்று தோன்றலாம். மத்திய அரசின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். சொந்தக் கார் இல்லாத எளிய மக்கள்தான் அதிகம் சாகிறார்கள். ஸகாத்தும் ஸதகாவும் யாருக்கு வேண்டும் என்று தேடுகிறோமோ, அந்த வீடுகளில்தான் இந்த இழப்பும் நேர்கிறது. சம்பாதிக்கும் ஒருவர் காலை உடைத்துக்கொண்டு படுத்தால், அடுத்த மாதம் அந்தக் குடும்பம் டிரஸ்டின் வாசலுக்கு வருகிறது.

அப்படியும் விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது? கூட்டம் கூடிச் சண்டை போடாதீர்கள். படம் எடுக்காதீர்கள். 108-க்கு அழையுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைக் கண்டபடி தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். உதவி செய்தால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இனி வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும், பெயர் விலாசம் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் சட்டமும் விதியும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். ஆகவே முதலில் பணத்தைத் திரட்டிவிட்டுப் போகலாம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

இன்னும் ஆறு வாரத்தில் ரமலான் வருகிறது. இந்தக் கூட்டத்தை இப்போதே வைத்ததற்குக் காரணம் அதுதான். இந்த ரமலானுக்கு நாங்கள் முடிவு செய்திருப்பவற்றைச் சொல்கிறோம்.

கஞ்சி விநியோகம் இனித் தெருவில் நடக்காது. மதரஸா மைதானத்துக்குள் நடக்கும். பிள்ளைகள் பின்வாசல் வழியே வந்து அதே வழியில் போகலாம். அஸர் முதல் மஃரிப் வரை பள்ளிவாசல் தெருவில் வண்டிகள் வராமலிருக்கப் போக்குவரத்துக் காவல் துறையிடம் அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அனுமதி வந்தால் தடுப்பு வைப்போம். வராவிட்டால் இரு முனையிலும் தன்னார்வலர்கள் நிற்பார்கள். அனுமதியில்லாமல் நாமே தடுப்பு வைக்கமாட்டோம். அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. எரியாத தெருவிளக்குகளின் கம்ப எண்களைக் குறித்து நகராட்சிக்குக் கொடுத்திருக்கிறோம். தராவீஹ் முடிந்து ஸஹர் வரை பைக்கில் பந்தயம் ஓட்டும் இளைஞர்களைப் பற்றி அக்கம்பக்கத்து மக்கள் வருத்தப்படுகிறார்கள். நோன்பு மாதத்தில் அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது நமக்கு அழகல்ல. உங்கள் பிள்ளை இரவு ஒரு மணிக்கு எங்கே இருக்கிறான் என்று ஒவ்வொரு அத்தாவும் கேளுங்கள். இஃப்தாருக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக்குப் பறக்காதீர்கள். பையில் இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தால், பாங்கு சொன்ன இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி நோன்பு திறந்துவிட்டுப் போகலாம்.

ஒரு கடைசிச் செய்தியோடு முடிக்கிறோம். போன மாதம் அந்தப் பையனின் அத்தா அலுவலகத்துக்கு வந்தார். ஸ்கூட்டரை விற்றுவிட்டதாகச் சொன்னார். பிறகு, கஞ்சி நேரத்தில் முனையில் நிற்கும் தன்னார்வலர் பட்டியலில் தன் மகன் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் பிள்ளையின் அத்தாவிடம் போய்க் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிற்கட்டும். அவன் நின்றால் கவனமாக நிற்பான்" என்றார்.

இன்ஷா அல்லாஹ், முதல் நோன்பு அன்று அஸருக்குப் பின் அவன் பச்சைக் கொடியோடு மதரஸா முனையில் நிற்பான். அவனைக் கடந்து போகும்போது வண்டியை மெதுவாக்குங்கள். அவனுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நம் தெருவில் நடக்கும் ஒவ்வொருவரையும், நம் மக்களையும் நம் தெருவுக்கு வரும் மற்ற மக்களையும், வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.